ஊர்க் காய்ச்சல் டெல்லிக்கு எப்படித் தெரியும்?

தொற்றுநோய்க் கண்காணிப்பு குறித்துத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கடிதங்களில் வீட்டாரின் நோய் விவரங்கள் இருப்பதால், எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

பென்னாகரம் வட்டத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை:

ஐயா, வணக்கம். சென்ற மழைக்காலத்தில் எங்கள் பள்ளியில் ஒரே வாரத்தில் பல பிள்ளைகள் காய்ச்சலால் வரவில்லை. சிலருக்கு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். சிலரைத் தருமபுரிக்கு அழைத்துச் சென்று தனியார் மருத்துவரிடம் காட்டினார்கள். இந்தக் காய்ச்சலெல்லாம் அரசாங்கத்துக்குத் தெரிய வருமா? வந்தால் யார் மூலம் வருகிறது?

மருந்துக்கடையோடு முடிந்துபோன காய்ச்சல் யாருக்கும் தெரிந்திருக்காது, அம்மா. அரசின் கண்காணிப்பு, நோயாளி யாராவது ஒரு சுகாதாரப் பணியாளரின் கண்ணில் படும் இடத்தில்தான் தொடங்குகிறது.

அந்த முதல் கண் பெரும்பாலும் உங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையத்தின் கிராம சுகாதார செவிலியருடையது. அவர் நோய்க்குப் பெயர் வைக்க வேண்டியதில்லை. கண்ணால் கண்ட அறிகுறியைப் பதிந்தால் போதும். வெறும் காய்ச்சலா, தடிப்புடன் கூடியதா, இரத்தக் கசிவு உண்டா, நினைவு தடுமாறுகிறதா, ஏழு நாளுக்கு மேல் நீடிக்கிறதா, வயிற்றுப்போக்கா, மஞ்சள் காமாலையா என்று அவர் பதியும் படிவத்துக்கு ‘எஸ்’ என்று பெயர். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மருத்துவமனையிலோ மருத்துவர் பரிசோதித்து, இன்ன நோயாக இருக்கலாம் என்று கருதி எழுதுவது ‘பி’ படிவம். ஆய்வகம் உறுதிசெய்து எழுதுவது ‘எல்’ படிவம். இம்மூன்றும் மாவட்டக் கண்காணிப்பு அலகுக்கும், அங்கிருந்து சென்னையிலுள்ள மாநில அலகுக்கும், டெல்லியிலுள்ள தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்கும் செல்கின்றன. முன்பெல்லாம் திங்கள் முதல் ஞாயிறு வரையிலான கணக்கு வாரம் ஒருமுறை போனது. 2021 ஏப்ரலில் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த சுகாதாரத் தகவல் தளத்தின் வழியாக இப்போது அன்றாடம் கணினியிலும் கைப்பேசியிலும் பதியப்படுகிறது.

இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் 1994-இல் சூரத்தில் பரவிய பிளேக். நோயைவிட வேகமாகப் பீதி பரவி, மக்கள் கூட்டங்கூட்டமாக ஊரைவிட்டு ஓடியபோதுதான், ஒரு மாவட்டத்தில் வழக்கத்துக்கு மாறாக எது நடந்தாலும் உடனே தெரிந்துகொள்ளும் அமைப்பு நாட்டில் இல்லை என்பது எல்லோருக்கும் உறைத்தது. 1997-98-இல் சில மாவட்டங்களில் மட்டும் ஒரு திட்டம் தொடங்கியது. 2004 நவம்பரில் அது ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டமாக விரிந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில்தான் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. இரு மாவட்டங்களுக்கும் இன்று தனித்தனிக் கண்காணிப்பு அலகுகள் உள்ளன.

உங்கள் கேள்வியில் நான் முக்கியமாகக் கருதுவது வேறொன்று. ஐம்பது பிள்ளைகள் படிக்கும் வகுப்பில் ஒன்பது பேர் ஒரே வாரத்தில் வரவில்லை என்பது, மருத்துவமனைப் பதிவேட்டில் ஏறுவதற்குப் பல நாள் முன்பாகவே உங்கள் வருகைப் பதிவேட்டில் ஏறிவிடுகிறது. இத்தனை பிள்ளைகள், இன்ன தேதியிலிருந்து, இன்னின்ன குக்கிராமத்திலிருந்து, இன்ன வயதினர், எல்லோரும் குடிப்பது ஒரே மேல்நிலைத் தொட்டித் தண்ணீரா என்ற விவரங்களை, தலைமை ஆசிரியர் மூலமாகவோ நேரிலோ ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுகாதார ஆய்வாளரிடம் சொல்லுங்கள். யாரையும் தெரியாவிட்டால் 104 என்ற எண்ணில் சொல்லலாம். நோயின் பெயர் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். அதைக் கண்டுபிடிப்பது விரைவு மருத்துவக் குழுவின் வேலை. மலையடிவாரத்திலும் வத்தல்மலை, சித்தேரி போன்ற மலையூர்களிலும் ஆசிரியர்தான் அன்றாடம் எல்லாக் குழந்தைகளையும் பார்க்கும் ஒரே படித்த மனிதர் என்ற நிலை இருக்கும்போது, அவர் சொல்லாமல் விடுவது பெரிய இழப்பு.

பாலக்கோட்டிலிருந்து ஒரு வணிகர்:

என் மகனுக்குத் தனியார் ஆய்வகத்தில் டெங்கு என்று முடிவு தந்தார்கள். எங்கள் தெருவில் இன்னும் மூன்று வீடுகளில் அதே முடிவு. ஆனால் செய்தித்தாளில் வந்த அரசு எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தது. கொரோனா தொடங்கியபோதும் பக்கத்துக் கிருஷ்ணகிரியில் நோயே இல்லை என்றார்கள். பிறகு அங்கும் வந்தது. அரசு மறைக்கிறதா?

மறைப்பு என்ற முடிவுக்கு வருவதற்கு முன் எண்ணும் முறையைப் பார்ப்போம். தனியார் ஆய்வகங்களில் பெரும்பாலும் செய்யப்படுவது சில நிமிடங்களில் முடிவு காட்டும் அட்டைப் பரிசோதனை. அரசுக் கணக்கில் டெங்கு உறுதி என்று சேர்வதற்கு எலைசா என்ற ஆய்வகக் கருவி முறையில் இரத்தத்தைப் பரிசோதித்திருக்க வேண்டும்: காய்ச்சல் கண்ட முதல் ஐந்து நாள்களுக்குள் என்றால் வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 எலைசா, அதற்குப் பிறகு உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஐ.ஜி.எம். எலைசா. இந்த நோக்கத்துக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு மருத்துவமனை ஆய்வகங்களில் இது இலவசம். அட்டைப் பரிசோதனை தவறுவதும் உண்டு என்பதால் இந்தக் கண்டிப்பு நியாயமானதே. ஆனால் உங்கள் மகனின் இரத்தம் இரண்டாம் முறை எலைசாவுக்குப் போகவில்லை என்றால், அவன் டெங்கு நோயாளியாகவே இருந்தாலும் உறுதியான கணக்கில் வரமாட்டான். ஆகவே வெளியாகும் எண்ணைக் குறைந்தபட்ச எண்ணாகக் கொள்ள வேண்டும். சென்ற வாரத்தைவிட, சென்ற ஆண்டின் இதே மாதத்தைவிட அது ஏறுகிறதா என்று பார்ப்பதற்குத்தான் அது பயன்படும். எத்தனை பேருக்கு வந்தது என்ற கேள்விக்கு அது முழு விடையல்ல.

கிருஷ்ணகிரியைப் பற்றி நீங்கள் எழுதியதும் இதே வகைதான். 2020 ஏப்ரல் 30 அன்று மத்திய அரசு வெளியிட்ட பட்டியலில் தமிழகத்தின் ஒரே பச்சை மண்டலம், அதாவது கொரோனா தொற்று இல்லாத மாவட்டம், கிருஷ்ணகிரி. மே மாதத் தொடக்கத்திலேயே அங்கும் தொற்று கண்டறியப்பட்டது. அந்தப் பட்டியல் சொன்னது, அதுவரை பரிசோதிக்கப்பட்டவர்களில் யாருக்கும் இல்லை என்பதை மட்டுமே.

நோயாளிகள் இப்படிக் கணக்கில் விடுபடாமல் இருக்கத் தனியார் மருத்துவர்கள் மீது சட்டப்படியான கடமை ஒன்று உண்டு. அது புதிதுமல்ல. 1939-ஆம் ஆண்டின் சென்னை மாகாணப் பொது சுகாதாரச் சட்டம், இன்றைய தமிழ்நாடு பொது சுகாதாரச் சட்டம், தொற்றுநோயாளியைக் கண்ட மருத்துவர் சுகாதார அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. இந்தியாவில் இப்படியொரு சட்டத்தை முதலில் இயற்றியது நம் மாகாணம்தான். இருந்தும் அறிவிப்புகள் குறைவாகவே வருவதற்கு, சட்டத்தை மீறும் எண்ணத்தைவிட, அனுப்பிய தகவலுக்கு என்ன ஆனது என்று மருத்துவருக்கு யாரும் திருப்பிச் சொல்லாததே பெரிய காரணம் என்று நான் எண்ணுகிறேன். நமக்கு அடுத்த வட ஆற்காடு மாவட்டத்தில் 1980-களில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் முன்னின்று நடத்திய கண்காணிப்பு இதற்குச் சான்று. தனியார் மருத்துவமனைகளும் அரசு மருத்துவமனைகளும் சாதாரண அஞ்சலட்டையில் நோய்த் தகவலை எழுதி அனுப்பின. அவற்றைத் தொகுத்து மாதந்தோறும் அறிக்கையாக அந்த மருத்துவர்களுக்கே திருப்பி அனுப்பினார்கள். கணினி இல்லாத காலத்தில் அது நடந்தது. நம் மாவட்டங்களில் இன்று கணினி இருக்கிறது. அந்த மாத அறிக்கைதான் கிளினிக்குகளுக்கு வந்து சேர வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நான்கு வீடுகளின் பரிசோதனை முடிவுகளையும் சுகாதார ஆய்வாளரிடம் காட்டுங்கள். உறுதியான கணக்கில் சேராவிட்டாலும், கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்களைத் தெருவுக்கு அனுப்புவதற்கு அது போதுமான காரணம்.

நல்லம்பள்ளியிலிருந்து ஒரு வாசகர்:

எங்கள் பகுதியில் பல்லில் கறையும் எலும்பு வளைவும் தலைமுறைகளாக இருக்கின்றன. இது ஏன் வாராந்திரத் தொற்றுநோய்ப் பட்டியலில் வருவதில்லை?

அது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதில்லை. நிலத்தடி நீரிலுள்ள புளோரைடு மிகுதியால் வருவது. அதற்கென்று தனியான தேசியத் திட்டம் உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்ததும் இதற்காகத்தான். காவிரி நீர் வரும் நாளில் அதைக் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் தனியே பிடித்து வையுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரை மற்ற வேலைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

காரிமங்கலத்திலிருந்து ஓர் இளம் தாய்:

என் குழந்தைக்கு அம்மை போட்டிருந்தது. அம்மன் வந்திருக்கும்போது ஆஸ்பத்திரிக்குச் சொல்வது குற்றம் என்று மாமியார் தடுத்துவிட்டார். செவிலியர் பிறகு தெரிந்துகொண்டு, ஏன் சொல்லவில்லை என்று வருத்தப்பட்டார். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார்கள்?

உங்கள் மாமியாரின் பக்தியை நான் குறை சொல்லமாட்டேன். வேப்பிலை கட்டி, வெளியாரை வீட்டுக்குள் விடாமல், குழந்தையைத் தனியே படுக்கவைப்பது நோயை மற்றவருக்குப் பரவவிடாத வழக்கமும்கூட. அதோடு செவிலியருக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதனால் வழிபாட்டுக்கு எந்தக் குறையும் வராது.

சொல்ல வேண்டியதன் காரணம் இது. நீர்க்கொப்புளமாக வருவது பெரும்பாலும் சின்னம்மை. காய்ச்சல், இருமல், கண் சிவப்புடன் சிவந்த தடிப்பாக வருவது தட்டம்மையாக இருக்கலாம். தட்டம்மை நுரையீரலில் சளிக் காய்ச்சலாக முற்றும். சத்துக் குறைந்த குழந்தையின் கண்பார்வையையே பறிக்கும். அதனால்தான் அந்தக் குழந்தைக்கு வைட்டமின் ‘ஏ’ தருகிறார்கள். தட்டம்மையையும், அதைப் போலவே தடிப்புடன் வரும் ரூபெல்லாவையும் நாட்டிலிருந்தே நீக்க வேண்டும் என்ற இலக்கு இருப்பதால், காய்ச்சலோடு தடிப்பு கண்ட குழந்தைகளைப் பற்றிய தகவல் சேகரிக்கப்பட்டு, சிலரின் இரத்த மாதிரியும் ஆய்வகத்துக்குப் போகிறது. உறுதியானால் அந்தத் தெருவில் ஒன்பதாம் மாதத் தவணையையோ, பதினாறு முதல் இருபத்துநான்கு மாதங்களுக்குள் போடும் இரண்டாம் தவணையையோ தவறவிட்ட குழந்தைகளைத் தேடிப் பிடித்து ஊசி போடுவார்கள். நீங்கள் சொல்லாமல் விட்டதால் இழப்பு அந்தக் குழந்தைகளுக்கு. செவிலியர் வருந்தியதும் அதற்காகத்தான் இருக்கும். உங்கள் குழந்தையின் தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு அடுத்த ஊசி நாளில் அவரிடம் போங்கள். இப்போது சொன்னாலும் பயன் உண்டு.

ஊத்தங்கரையிலிருந்து ஒரு விவசாயி:

என் பேரனுக்கு ஆறு வயது. திடீரென்று கால் துவண்டு நடக்க முடியாமல் போனது. மருத்துவமனையில் சேர்த்த மறுநாளே அதிகாரிகள் வந்து இரண்டு முறை மலம் எடுத்தனுப்பச் சொன்னார்கள். போலியோ ஒழிந்துவிட்டது என்று அரசே சொல்கிறது. பிறகு எதற்கு இது? குழந்தையை வைத்து ஆராய்ச்சி செய்கிறார்களோ என்று அஞ்சுகிறோம்.

அஞ்ச வேண்டாம், ஐயா. நாட்டிலேயே மிக ஒழுங்காக நடக்கும் கண்காணிப்பு எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

இந்தியாவில் காட்டுவகை, அதாவது இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸால் கடைசியாகப் பாதிக்கப்பட்ட குழந்தை 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்டது. 2014 மார்ச் 27 அன்று போலியோ இல்லை என்ற சான்று கிடைத்தது. பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் அந்த வைரஸ் இன்னும் இருப்பதால் அது எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம். ஆகவே பதினைந்து வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தைக்குக் கை கால் திடீரெனத் துவண்டாலும், காரணம் எதுவாகத் தோன்றினாலும், போலியோ இல்லை என்று சோதித்து உறுதி செய்கிறார்கள். 1997-இல் தொடங்கிய முறை இது. துவண்ட நாளிலிருந்து பதினான்கு நாளுக்குள், குறைந்தது இருபத்துநான்கு மணி நேர இடைவெளியில் இரண்டு மல மாதிரிகள் எடுக்க வேண்டும். வைரஸ் மலத்தில் விட்டுவிட்டு வெளியேறுவதால்தான் இரண்டு. குளிர் மாறாத பெட்டியில் வைத்து அவற்றை ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் அதற்கான ஆய்வகம் இருக்கிறது. தேவைப்பட்டால் அறுபது நாளுக்குப் பிறகு மீண்டும் குழந்தையின் காலைப் பார்க்க வருவார்கள்.

போலியோ அறவே இல்லாத ஊரிலும், கில்லன்-பாரே போன்ற நரம்பு நோய்களால் ஆண்டுதோறும் சில குழந்தைகளுக்குக் கை கால் துவளத்தான் செய்யும். பதினைந்து வயதுக்குட்பட்ட ஒரு இலட்சம் பேருக்கு ஆண்டில் குறைந்தது இரண்டு பேராவது இப்படி அறிவிக்கப்பட வேண்டும் என்பது இந்தியா வகுத்துக்கொண்ட அளவுகோல். ஒரு மாவட்டம் ‘ஒருவரும் இல்லை’ என்று எழுதினால், நோய் இல்லை என்று மகிழாமல், தேடவில்லை என்றே கொள்வார்கள். இந்தக் கண்டிப்பு மற்ற நோய்களுக்கும் வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பேரனுக்குத் தரும் சிகிச்சை இந்தப் பரிசோதனைக்காகக் காத்திருக்காது. இரண்டும் தனித்தனியே நடக்கும்.

ஓசூரிலிருந்து ஒரு தொழிற்சாலைப் பணியாளர்:

நான் தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறேன். காய்ச்சல் வந்து அங்கேயே சிகிச்சை பெற்றேன். என் நோய் எந்த மாநிலத்துக் கணக்கில் சேரும்? ஓசூரில் எலிகளைக்கூடக் கண்காணிக்கும் ஒரு நிலையம் இருப்பதாகக் கேள்விப்பட்டேன், உண்மையா?

சிகிச்சை பெற்ற இடம் எதுவானாலும், நோயாளி வசிக்கும் முகவரியைக் கொண்டு அந்த மாவட்டத்துக்குத் தகவல் வர வேண்டும் என்பதே முறை. ஆனால் பதிவின்போது பலரும் பெங்களூரில் தங்கும் அறையின் முகவரியையோ வேலையிடத்தையோ சொல்லிவிடுகிறார்கள். அப்போது ஓசூரில் உங்கள் வீட்டைச் சுற்றி யாரும் கொசுப்புழு தேட மாட்டார்கள். இரண்டு முகவரிகளையும் சொல்லுங்கள். டெங்கு கொசு சில நூறு மீட்டருக்குள்ளேயே திரியும். கடித்த நாளிலிருந்து காய்ச்சல் வருவதற்குப் பொதுவாக நான்கு முதல் பத்து நாள் ஆகும். கடித்தது வீட்டிலா வேலையிடத்திலா என்பது இரண்டையும் பார்த்தால்தான் தெரியும். மலேரியாவில் இது இன்னும் முக்கியம். வைவாக்ஸ் என்ற மலேரியா வகைக்குப் பதினான்கு நாள் மாத்திரை சாப்பிட வேண்டும். பாதியில் ஊர் திரும்பிய தொழிலாளிக்கு, கல்லீரலில் தங்கிய கிருமியால் சில மாதங்களுக்குப் பிறகு மீண்டும் காய்ச்சல் வரும். சிப்காட் பகுதியில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தங்கவைக்கும் ஒப்பந்ததாரர்கள், புதிதாக வந்தவருக்குக் காய்ச்சல் என்றால் அன்றே இரத்தத் தடவல் எடுக்க அழைத்துச் செல்வதைக் கடமையாகக் கொள்ள வேண்டும்.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. நோய் பரப்பும் பூச்சிகளையும், விலங்குகளிடமிருந்து மனிதருக்கு வரும் நோய்களையும் ஆராயும் மாநிலப் பொது சுகாதாரத் துறை நிலையம் ஓசூரில் உள்ளது. தமிழகம், கர்நாடகம், ஆந்திரம் சந்திக்கும் இந்த மேட்டுநிலம் ஒரு காலத்தில் பிளேக் கண்ட பகுதி. பிளேக் முதலில் எலிகளைத் தாக்கும். பிறகே அவற்றின் தெள்ளுப்பூச்சி மனிதரைக் கடிக்கும். எலிகளின் இரத்தத்தையும் அவற்றின் மேலுள்ள தெள்ளுப்பூச்சிகளையும் ஆராய்ந்தால், மனிதருக்கு வருவதற்கு முன்பே எச்சரிக்கை கிடைக்கும். சூரத்துக்குப் பிறகும் 2002-இல் இமாச்சலத்திலும் 2004-இல் உத்தராகண்டிலும் பிளேக் தலைகாட்டியது. தளி, அஞ்செட்டி பக்கத்துக் காட்டோர ஊர்களில் எலிகள் காரணமின்றிச் செத்து விழுந்தால், வெறுங்கையால் தொடாமல் சுகாதார ஆய்வாளருக்குச் சொல்லுங்கள்.

அரூரிலிருந்து ஒரு சகோதரி:

என் கணவருக்குக் காசநோய் என்று தனியார் மருத்துவர் சொன்னார். பெயரை அரசுக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்கிறார். வீட்டில் நாத்தனாருக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஊருக்குத் தெரிந்தால் சம்பந்தம் நின்றுவிடும். அனுப்பாமல் இருக்கச் சொல்லலாமா?

சொல்லாதீர்கள், அம்மா. அவர் உங்களுக்குத் தீங்கு செய்யவில்லை. காசநோயாளியைப் பற்றி அறிவிப்பது 2012 மே மாதம் முதல் எல்லா மருத்துவர்களுக்கும் கட்டாயம். அறிவிக்கத் தவறினால் தண்டனைக்கு இடமுண்டு என்று 2018-இல் மத்திய அரசு ஆணையிட்டது. மருந்துக்கடைகளும் அந்த ஆணைக்குள் வருகின்றன.

பெயரைக் கேட்பது ஊரில் அறிவிப்பதற்காக அல்ல. டெங்குவுக்கு எண்ணிக்கை தெரிந்தாலே பாதி வேலை நடந்துவிடும், காசநோய்க்கு அப்படியில்லை. குறைந்தது ஆறு மாதம் விடாமல் மருந்து சாப்பிட வேண்டும். இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும் பலர் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். நோய் திரும்பும்போது பழைய மருந்துக்குக் கட்டுப்படாமல் போகலாம். கணவர் வேலைக்காகத் திருப்பூருக்கோ பெங்களூருக்கோ போனாலும் அங்கே மருந்து தொடர்வதற்கு ‘நிக்‌ஷய்’ என்ற அரசின் காசநோய்ப் பதிவுத் தளத்தில் அவருக்குரிய எண் வேண்டும். அந்தப் பதிவு இருந்தால் மருந்து இலவசம். சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். 2018-இல் 500 ரூபாயாகத் தொடங்கிய அந்த உதவி 2024 நவம்பரில் உயர்த்தப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, உங்களையும் குழந்தைகளையும் நாத்தனாரையும் பரிசோதித்து, தேவைப்பட்டால் நோய் வராமல் தடுக்கும் மாத்திரையும் தருவார்கள். திருமணமாகிப் போகும் பெண் நலமாகப் போக வேண்டும் என்றால் இதுதான் வழி.

உங்கள் அச்சத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. பணியாளர் வீட்டுக்கு வந்து போவதைப் பார்த்தே அக்கம்பக்கத்தார் ஊகித்துவிடுவார்கள் என்பது நம் ஊர்களில் உண்மைதான். அதற்கும் வழி உண்டு. பதிவின்போதே, வீட்டுக்கு வர வேண்டாம், ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ வந்து பார்க்கிறோம், இந்தக் கைப்பேசி எண்ணில் மட்டும் பேசுங்கள் என்று காசநோய்ப் பிரிவுப் பணியாளரிடம் கேளுங்கள். நோயாளியின் விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்ற கடமை அவருக்கு உண்டு. மீறினால் மாவட்டக் காசநோய் அலுவலரிடம் எழுத்தில் முறையிடலாம். மருத்துவரிடம் அடுத்த முறை செல்லும்போது கணவரின் ஆதார் அட்டையையும் வங்கிக் கணக்குப் புத்தகத்தையும் கொண்டுபோய், நிக்‌ஷய் எண்ணைக் கேட்டு வாங்கி மருந்துச் சீட்டின் மேலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.